கூரைப் பரண் விசிறியும் வீட்டின் குளிர்ச்சியும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்கோடியிலுள்ள பிளாரிடா மாகாணத்தில், கோடைகாலத்துப் பிற்பகலில் ஒருவர் ஏணி வைத்துத் தம் வீட்டுக் கூரையின் உட்புறத்தே தலையை நீட்டுவாராயின், அங்குள்ள வெம்மையைச் சிறிது நேரமும் தாங்கார். வெளியே நிழலில் 33 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் இருக்கும்போது, கூரையின் கீழ் அடைபட்ட காற்று 50 டிகிரியைக் கடந்து நிற்கும்; சில வீடுகளில் 60 டிகிரியையும் எட்டும். இறங்கி வந்தவர் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், இவ்வெங்காற்றை ஒரு விசிறியால் வெளியே தள்ளிவிட்டால் கீழுள்ள அறைகள் குளிரும் என்பதே. அங்ஙனம் எண்ணுவோர்க்கென்றே கூரையிற் பொருத்தும் மின்சார விசிறிகள் அந்நாட்டில் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருகின்றன. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார் பலர். ஆராய்ந்தவர்களோ, அவ்விசிறி பெரும்பாலான வீடுகளில் தான் தின்னும் மின்சாரத்தின் அளவுகூடக் குளிர்ச்சி தருவதில்லை என்றும், சில வீடுகளில் குடியிருப்போரின் உயிர்க்கே ஊறு விளைக்கக்கூடும் என்றும் கண்டனர். கண்கூடாகத் தோன்றும் ஒரு கருத்து கணக்கின் முன் எங்ஙனம் தளர்கின்றது என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாதலின், பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கு ஒரு பாடமாக இதனை ஈண்டு எழுதலானேன்.

முதற்கண் அந்நாட்டு வீட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். கைமரங்களின்மேல் மரப்பலகை பரப்பி, அதன்மேல் ஷிங்கிள் என்னும் தார் ஊட்டிய தகடுகளை மீன்செதில்போல் அடுக்கி ஆணி அறைந்திருப்பர். இது வெளிக்கூரை. அறைகளுக்கு மேலே ஜிப்சம் பலகையால் தட்டையான உட்கூரை ஒன்று உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே முக்கோண வடிவாய் எஞ்சும் வெளியையே அவர்கள் அட்டிக் என்பர். யாம் பரண் என்று கூறுவோம். மனிதர் வாழ்தற்கு உரிய இடமன்று அது. உட்கூரையின்மேல் கண்ணாடிப் பஞ்சோ காகிதத் துகளோ தடிப்பாகப் பரப்பப்பட்டிருக்கும்; இதுவே வெப்பத் தடுப்பு. இறவாணத்தின் அடியிலும் கூரை முகட்டிலும் காற்றுப் புழைகள் விடப்பட்டிருக்கும். குளிர்சாதனத்தின் காற்றுக் குழாய்களும் பிளாரிடாவில் பெரும்பாலும் இப்பரணிலேயே கிடக்கின்றன. வீட்டிலேயே மிகவும் சூடான இடத்தைத் தெரிந்தெடுத்து, அதன் வழியே குளிர்ந்த காற்றைக் கொண்டுசெல்லும் இவ்வழக்கத்தை யாவர் தொடங்கினரோ! அது நிற்க.

வெயில் கூரையிற் படும்போது கருநிற ஷிங்கிள் அதன் பெரும்பகுதியை உட்கொண்டு 70 டிகிரிக்கு மேலும் சூடாகின்றது. அவ்வெப்பம் மரப்பலகையின் ஊடே கடந்து அதன் அடிப்பக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து கீழுள்ள பஞ்சை அடைவதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, பலகையைத் தொட்ட காற்று சூடாகி அச்சூட்டைப் பஞ்சினிடம் சேர்ப்பது. மற்றொன்று, பலகை நேரே கதிர் வீசிப் பஞ்சைச் சுடுவது. இவற்றுள் எது பெரியது என்பதில்தான் விசிறியின் கதை முழுவதும் அடங்கியுள்ளது.

சூடான காற்று மேலேறும் இயல்பினது. பரணிலோ சூடான பொருள் ஏற்கெனவே மேலே இருக்கின்றது. ஆகவே பலகையைத் தொட்டுச் சூடான காற்று அங்கேயே தங்குமேயன்றிக் கீழிறங்கிப் பஞ்சைத் தொட விரும்பாது. கதிர்வீசலுக்கு இத்தடை கிடையாது. மேல் கீழ் என்ற வேறுபாட்டை அஃது அறியாது. ஒரு பொருள் வீசும் வெப்பம் அதன் கெல்வின் உஷ்ணநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப வளரும் என்பதை 1879-இல் யோசெப் ஸ்டெபான் கண்டறிந்தார். 1884-இல் போல்ட்ஸ்மான் அதனைக் கோட்பாட்டினின்றும் வருவித்தார். அவ்விதியைப் பரணுக்குப் பொருத்திப் பார்ப்போம். பலகையின் அடிப்பக்கம் 65 டிகிரி, அஃதாவது 338 கெல்வின் என்று கொண்டால், முழுக் கரும்பொருளாயின் அது சதுர மீட்டருக்கு 740 வாட் வீசும். பஞ்சின் மேற்பக்கம் 45 டிகிரியாயின் 580 வாட் திருப்பி வீசும். வேறுபாடு 160. மரமும் பஞ்சும் முழுக் கரும்பொருள்களல்ல. கதிர்வீசு திறனை ஒவ்வொன்றுக்கும் 0.9 என்று வைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 130 வாட். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இவ்வளவு வெப்பம் மேலிருந்து கீழே பாய்ந்துகொண்டிருக்கின்றது.

இடையிலுள்ள காற்றோ இக்கதிர்களைத் தடுப்பதில்லை. அடுப்பின் முன் நிற்பவனுக்கும் அடுப்பிற்கும் நடுவே குளிர்ந்த காற்று வீசினாலும் அவன் முகம் சுடுவதை நாம் அறிவோம். விசிறி மாற்றுவது காற்றை மட்டுமே. கூரைப்பலகையை நேராகக் குளிர்விப்பதன்று. புதிய காற்று பலகையையும் பஞ்சையும் தடவிச் செல்லும்போது இரண்டின் சூடும் ஓரளவு தணியும் என்பது மெய்யே. பரணில் வைத்த வெப்பமானி பத்து டிகிரி இறங்கிக் காட்டவும் செய்யும். அதைக் கண்டு வீட்டுக்காரர் மகிழ்கிறார். ஆனால் அவர் பரணில் குடியிருக்கவில்லை. அவர் அறிய வேண்டுவது வெப்பமானியின் எண்ணையன்று. உட்கூரையின் வழியாகக் கீழிறங்கும் வெப்பம் எவ்வளவு குறைந்தது என்பதை.

அதையும் கணக்கிடுவோம். உட்கூரையின் பரப்பு 140 சதுர மீட்டர், அஃதாவது சுமார் 1,500 சதுர அடி, என்று கொள்க. பஞ்சு ஏறக்குறைய 10 அங்குலத் தடிப்பு. அமெரிக்கர் இதனை முப்பது எண் தடுப்பு என்பர். மெட்ரிக் அளவில் அதன் தடை 5.3. அறை 25 டிகிரியில் வைக்கப்பட்டுள்ளது. விசிறி இல்லாதபோது பஞ்சின் மேற்பக்கம் 50 டிகிரி. விசிறி ஓடும்போது 40 டிகிரி. விசிறிக்குச் சாதகமாகவே இவ்வெண்களை எடுத்துள்ளேன். முன்னையதில் சதுர மீட்டருக்கு 4.7 வாட் வீதமும், பின்னையதில் 2.8 வாட் வீதமும் வெப்பம் இறங்கும். வீடு முழுவதற்கும் சேர்த்து மிச்சமாவது சுமார் 265 வாட் வெப்பம். இவ்வெப்பத்தை அகற்றக் குளிர்சாதனம் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே செலவிடும். ஏனெனில் ஒரு வாட் மின்சாரத்தால் மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன் அதற்கு உண்டு. ஆகவே மிச்சம் 90 வாட்டிற்கும் குறைவு. விசிறியின் மோட்டார் தின்பதோ 300 வாட். தொண்ணூறு காசைக் காப்பதற்கு முந்நூறு காசு கூலி கொடுத்து ஆள் வைத்த கதையாக முடிகின்றது இது.

உட்கூரையின்மேல் பஞ்சே இல்லாத பழைய வீடாயின் கணக்கு மாறும் என்பதையும் மறைத்தல் கூடாது. அங்கே ஜிப்சம் பலகையும் அதனைத் தழுவிய காற்றுப் படலங்களுமே தடை. அதன் அளவு சுமார் 0.35. அதே பத்து டிகிரி வேறுபாடு இங்கே 4,000 வாட் வெப்பத்தைக் குறைக்கும். மின்சாரக் கணக்கில் 1,300 வாட்டிற்கு மேல். 300 வாட் விசிறி இங்கே நன்றாகவே ஊதியம் தருகின்றது. விசிறியின் புகழ் இத்தகைய வீடுகளிலிருந்தே பிறந்திருத்தல் கூடும். ஆயினும் அவ்வீட்டுக்காரர் விசிறி வாங்கும் பணத்தைப் பஞ்சுக்குச் செலவிடுவாராயின், இறங்கும் வெப்பத்தில் 9,000 வாட்டிற்கு மேல் தடுக்கப்படும். மின்சாரம் ஒரு வாட்டும் வேண்டுவதில்லை. மோட்டார் பழுதாகும் என்ற கவலையும் இல்லை. குளிர்காலத்தில் அதே பஞ்சு அறையின் வெம்மையையும் காக்கும்.

காகிதக் கணக்கோடு நிற்பது விஞ்ஞானமாகாது. அந்நாட்டு அரசாங்கத்தைச் சேர்ந்த தேசிய அளவைத் துறை (1988-இல் இதன் பெயர் மாற்றப்பட்டது) டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் மெய்யான வீடுகளிலே கருவிகளைப் பொருத்திச் சோதித்து, 1979-இல் முடிவுகளை வெளியிட்டது. பஞ்சு பரப்பிய உட்கூரையின் வழியாக வரும் வெப்பம் வீட்டின் மொத்த வெப்பச் சுமையில் சிறு பகுதியே. சுவர், சாளரம், கசியும் காற்று, மனிதர், விளக்கு, அடுப்பு ஆகியவற்றால் வருவதே பெரிது. சிறு பகுதியில் ஒரு பங்கைக் குறைப்பதால் மொத்தம் பெரிதும் மாறவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

பிளாரிடாவில் 1975-இல் நிறுவப்பட்ட சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையம் இக்கேள்வியை வேறொரு முகமாக ஆராய்ந்தது. மின்சாரச் செலவன்றோ விசிறியின் குற்றம்? சூரிய ஒளியிலேயே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் விசிறியைப் பொருத்தினால் என்ன? வெயில் மிகும்போது அது விரைந்து சுழலும். கம்பியும் கட்டணமும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, பரணின் உச்ச உஷ்ணம் நன்றாகவே தணிந்தது; குளிர்சாதனத்தின் செலவோ ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கே குறைந்தது. பயன் இல்லையென்று சொல்வதற்கில்லை. விசிறியின் விலையை நோக்க அப்பயன் சிறிது. இச்சிறு பயனிலும் ஒரு பகுதி பரணிற் கிடக்கும் காற்றுக் குழாய்கள் சூடாகாமையால் வந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.

இதுவரை கூறியது பணத்தைப் பற்றியது. இனிக் கூறப்போவது அதனினும் முக்கியமானது.

விசிறி ஒரு பக்கம் காற்றை வெளியேற்றினால் அதே அளவு காற்று மற்றொரு பக்கம் உள்ளே வந்தாக வேண்டும். எங்கிருந்து வரும்? இறவாணப் புழைகளின் வழியே வெளிக்காற்று வரும் என்பது செய்தோர் கருத்து. நிமிஷத்திற்கு 1,000 கன அடி காற்றைத் தள்ளும் விசிறிக்கு மூன்று சதுர அடிக்கு மேல் தடையற்ற திறப்பு வேண்டும். பல வீடுகளில் இறவாணப் புழைகள் வண்ணப் பூச்சால் அடைபட்டும், பஞ்சு சரிந்து மூடியும், பூச்சி வலையில் தூசு படிந்தும் கிடக்கின்றன. காற்று பிடிவாதமுடையதன்று; எது எளிய வழியோ அவ்வழியே வரும். உட்கூரையிலோ வழிகள் பல. விளக்குப் பதித்த துளைகள், மின்கம்பி நுழைந்த துளைகள், பரணுக்கு ஏறும் கதவின் இடுக்கு, சுவரின் உள்வெற்றிடம், குளியலறைக் குழாய்களைச் சுற்றிய இடைவெளி ஆகிய இவை ஒவ்வொன்றும் சிறியதாயினும் கூட்டினால் ஒரு சிறு சாளரம் அளவாகும். விசிறி இவற்றின் வழியே, காசு கொடுத்துக் குளிர்வித்த அறைக்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே எறிகின்றது. வீட்டுக்காரர் பரண் குளிர்ந்திருப்பதைக் கண்டு விசிறி நன்கு வேலை செய்கிறது என்கிறார். பரணைக் குளிர்விப்பது அவருடைய குளிர்சாதனமே என்பதை அவர் அறியார்.

இழப்பின் அளவை நோக்குக. 1,000 கன அடியில் 150 கன அடி மட்டுமே அறையினின்றும் போகின்றது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு அது 0.07 கன மீட்டர். அதன் இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகவும் சுவர் வழியாகவும் 33 டிகிரி வெளிக்காற்று வீட்டினுள் நுழையும். அதனை 25 டிகிரிக்குத் தணிக்க 670 வாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். அம்மட்டோ? பிளாரிடாவின் கோடைக் காற்று ஈரம் செறிந்தது. கிலோகிராம் காற்றுக்கு 19 கிராம் நீராவி வெளியே. குளிர்ந்த அறையில் 11 கிராம். இந்த 8 கிராமையும் குளிர்சாதனம் நீராக்கி வடித்தாக வேண்டும். நீராவி நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பம் மட்டும் ஏறக்குறைய 1,640 வாட். இரண்டும் சேர்ந்து 2,300 வாட். விசிறியால் மிச்சமானது 265 வாட். அதனால் வீட்டினுள் நுழைந்தது அதைப்போல் எட்டு மடங்கிற்கும் மேல். ஈரக் காற்று சுவரினுள்ளே நுழைந்து குளிர்ந்த பலகையைத் தொட்டு நீர்த்துளியாகிப் பூசணம் பிடிப்பதும் உண்டு.

இன்னும் கொடியது ஒன்று உளது. வெந்நீருக்கு எரிவாயுக் கொதிகலம் வைத்திருக்கும் வீடுகளில், அக்கலத்தின் புகை தன் சூட்டினாலேயே மேலேறிப் புகைபோக்கி வழியே வெளியேறும். அதனைத் தள்ள வேறு இயந்திரம் இல்லை. அவ்வேற்றத்தின் வலிமை மிக மெல்லியது. வளிமண்டலத்தின் அழுத்தம் சுமார் 1,01,000 பாஸ்கல். புகையின் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தவோ மூன்று அல்லது ஐந்து பாஸ்கல் குறைவே போதும். பரண் விசிறி அறையின் காற்றை உறிஞ்சும்போது இக்குறைவு எளிதில் நேரும். அப்பொழுது புகைபோக்கி மேனோக்கிய வழியாக இராமல் கீழ்நோக்கிய வழியாகி, எரிந்த வாயு வீட்டினுள்ளேயே பரவுகின்றது. அவ்வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு இருந்தால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் செந்நிறப் பொருளோடு ஆக்ஸிஜனைக் காட்டிலும் பன்மடங்கு இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது அது. தலைவலி, மயக்கம், உறக்கம், அதன்பின் விழிப்பில்லை. குளிர்ச்சியை நாடி வைத்த கருவி இவ்வாறும் முடியக்கூடும் என்பதை வட கரோலினா மாகாணத்தில் வீடுகளை அளந்து ஆராய்ந்தவர்கள் எடுத்துரைத்தனர். விசிறி சுழலும்போது அறையின் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதை அவர்கள் நேரே அளந்து காட்டியதால், இது வெறும் அச்சம் என்று ஒதுக்குவதற்கு இடமில்லாமற் போயிற்று.

பரணுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்ற கொள்கை எங்கிருந்து வந்தது என்று சிலர் வினவக்கூடும். வினவத்தக்கதே. உட்கூரைப் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு இருத்தல் வேண்டும் என்ற விதியை அமெரிக்கக் கூட்டரசின் வீட்டு நிர்வாகம் 1942-இல் வெளியிட்ட கட்டட விதிகளிற் சேர்த்தது. இன்றைய கட்டடச் சட்டங்களிலும் அவ்வெண் வாழ்கின்றது. ஆயின் அது கோடை வெப்பத்தைக் கருதி எழுந்த விதியன்று. 1930-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மின்னிசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பிராங்க் ரௌலி என்பவர் செய்த சோதனைகள் யாவும் குளிர்காலத்தைப் பற்றியவை. பனி உறையும் அந்நாட்டில், சமையலாலும் மூச்சாலும் உண்டாகும் நீராவி பரணுக்கேறிக் குளிர்ந்த கூரைப்பலகையில் உறைந்து மரத்தைக் கெடுக்கும். அந்நீராவியை வெளியேற்றவே புழைகள் விடப்பட்டன. வடக்கே பனிக்காலத்திற்கு என்று ஏற்பட்ட ஒரு விதி, காலப்போக்கில் தெற்கே வேனிற்காலத்திற்கும் மருந்தாகக் கருதப்பட்டது. விதி பயணம் செய்தது. அதன் காரணம் உடன் செல்லவில்லை. காற்றோட்டத்தால் ஷிங்கிள் நீடித்து உழைக்கும் என்ற வாதமும் இவ்வாறே. ஷிங்கிளின் சூட்டைத் தீர்மானிப்பதில் அதன் நிறத்திற்கு உள்ள செல்வாக்கு பரண் காற்றோட்டத்திற்கு இல்லை.

அவ்வாறாயின் பிளாரிடாக்காரர் என் செய்வது? கதிரால் வரும் கேட்டைக் கதிரின் வழியிலேயே தடுத்தல் வேண்டும். கைமரங்களின் அடிப்புறத்தே அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் கீழ்நோக்குமாறு அடித்தால், அதன் கதிர்வீசு திறன் 0.05 அளவே. முன் கூறிய 130 வாட் அப்போது 8 வாட்டாக ஒடுங்கும். மெய்யான பரணில் தாளும் சூடேறும், காற்றின் வழியும் வெப்பம் வரும். ஆதலின் பயன் இவ்வளவு பெரிதாயிராது. எனினும் விசிறியால் ஆகாத வேலையை ஒரு மெல்லிய தாள் ஓசையின்றிச் செய்கின்றது. தாளைப் பஞ்சின்மேல் விரித்தால் மட்டும் சில ஆண்டுகளில் தூசு படிந்து பயன் குன்றும்.

இதனினும் சிறந்தது வெயிலை வாயிலிலேயே திருப்பி அனுப்புவது. 2000-ஆம் ஆண்டில் பிளாரிடாவின் போர்ட் மையர்ஸ் நகரில், ஒரே அமைப்பில் அருகருகே கட்டிய வீடுகளுக்கு வெவ்வேறு கூரையிட்டு மேற்கூறிய ஆராய்ச்சி நிலையத்தார் ஒப்புநோக்கினர். வெள்ளை உலோகத் தகடும் வெள்ளை ஓடும் வேய்ந்த வீடுகளில், கருஞ்சாம்பல் ஷிங்கிள் வேய்ந்த வீட்டைக் காட்டிலும் குளிர்சாதனச் செலவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. வெள்ளை என்று பெயர் பெற்ற ஷிங்கிளோ சிறு பயனே தந்தது. கண்ணுக்கு வெள்ளையாய்த் தோன்றினும் அதன் சொரசொரப்பான பரப்பு வெயிலில் நாலில் ஒரு பங்கைத்தான் திருப்புகின்றது. அச்சோதனையில் ஒரு வீட்டுக்குப் பரணில் புழையே விடவில்லை. வெப்பத் தடுப்பை உட்கூரையினின்றும் எடுத்து வெளிக்கூரையின் அடிப்புறத்தே அமைத்து, பரணை வீட்டின் ஓர் உறுப்பாகவே ஆக்கிவிட்டனர். கருநிற ஷிங்கிளை வைத்துக்கொண்டே அவ்வீடும் செலவிற் குறைந்தது. காற்றுக் குழாய்கள் வெந்து வாடாமையே அதற்குக் காரணம். காற்றோட்டம் மிகுந்தாலன்றிப் பரண் குளிராது என்பார் இச்செய்தியைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குவது இன்றியமையாதது. வீட்டு விசிறி என்று வேறொன்று உண்டு. அதனைப் பரண் விசிறியோடு குழப்புவர். அஃது உட்கூரையிலே பதிக்கப்படுவது. மாலையில் வெளிக்காற்று குளிர்ந்தவுடன் சாளரங்களைத் திறந்து அதனை ஓட்டினால், குளிர்ந்த காற்று அறைகளின் வழியே பாய்ந்து, சுவரையும் தரையையும் மரச்சாமான்களையும் தணித்து, பரணையும் துடைத்துக்கொண்டு வெளியேறும். கலிபோர்னியா மாகாணத்துச் சாக்ரமெண்டோ நகரில் கோடைப் பகல் 34 டிகிரி. இரவோ கடற்காற்றின் வரவால் 16 டிகிரிக்கு அருகே இறங்கும். ஆங்கு இவ்விசிறி குளிர்சாதனத்தின் வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். இது குளிர்விப்பது மனிதர் வாழும் இடத்தை. பிளாரிடாவின் கோடை இரவு அவ்வளவு தணிவதில்லை, ஈரமும் குறையாது. இரவெல்லாம் அக்காற்றை வீட்டினுள் இழுத்தால், மறுநாட் காலையில் குளிர்சாதனம் தலையணையிலும் திரைச்சீலையிலும் ஊறிய ஈரத்தை வடிப்பதிலேயே நேரத்தைப் போக்கும். ஒரே கருவி ஓர் ஊரில் வரமாகவும் மற்றோரூரில் வீண் செலவாகவும் ஆவதற்குக் காற்றிலுள்ள நீராவியே காரணம்.

ஏற்கெனவே விசிறி பொருத்தப்பட்ட வீட்டை வாங்கினோர் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. சாளரங்களையும் கதவுகளையும் அடைத்துவிட்டு விசிறியை ஓடவிட வேண்டும். ஓர் ஊதுவத்தியை ஏற்றிப் பரண் கதவின் இடுக்கின் அருகே பிடித்தால், புகை நேரே எழுகிறதா, இடுக்கினுள் இழுக்கப்படுகிறதா என்பது தெரியும். இழுக்கப்படுமாயின் அவ்விடுக்கையும் விளக்குத் துளைகளையும் அடைக்கும் வரையில் விசிறியின் விசையை நிறுத்தி வைத்தல் தகும். பின்னர்க் கொதிகலத்தை எரியவிட்டுச் சில நிமிஷங்கள் கழித்து, புகைபோக்கியின் அடியிலுள்ள திறப்பண்டை ஊதுவத்தியைக் காட்டுக. புகை உள்ளே ஏறினால் நன்று. அறைப்பக்கம் திரும்பி வந்தால் கொதிகலத்தை அணைத்துச் சாளரங்களைத் திறந்துவிட்டு, எரிவாயு வேலை அறிந்தவரை அன்றே அழைத்தல் வேண்டும்.